இனுவிக்கில் பி.எஸ்.டபிள்யூ படித்த கதை

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் சின்ன ஊர் இனுவிக். கணவரின் வேலைக்காக வந்த எனக்கு, இங்கே ஒரு கல்லூரி இருக்கும் என்பதே தெரியாது. அரோரா கல்லூரியின் மூன்று வளாகங்களில் ஒன்று இங்கேதான். மற்றவை ஃபோர்ட் ஸ்மித்திலும் யெல்லோநைஃபிலும்.

முதியோரைப் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ (பர்சனல் சப்போர்ட் வொர்க்கர்) படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வருஷம் அது எந்த வளாகத்தில் நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். எல்லா வருஷமும் எல்லா இடத்திலும் நடக்காது.

நுழைவுத் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். ஆங்கிலமும், பின்னம், சதவீதம் மாதிரியான கணக்கும்தான். மார்க் குறைந்தால் திருப்பி அனுப்புவதில்லை, அடிப்படை வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் குழந்தை குட்டியோடு படித்தவர்கள். உலுக்ஹாக்டோக்கிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். அந்த ஊருக்குச் சாலையே கிடையாது, விமானம்தான்.

என்னைப் படுத்தியது காகிதங்கள்தான். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் தயார் செய்ய ஊரில் அண்ணன் அலைந்தான். அப்புறம் டிபி தோல் பரிசோதனை. சின்ன வயதில் பி.சி.ஜி. என்ற டிபி தடுப்பூசி போட்ட நம்மவர்களுக்குக் கை தடித்துப் பாசிடிவ் என்று வர வாய்ப்பு அதிகம். எனக்கும் வந்தது. நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் சான்றிலும் ஒரு சங்கடம்: போலீஸ் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு குற்றவாளியின் பிறந்த தேதியும் பாலினமும் நம்முடையதோடு ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். கோடையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஒரு மாதம் போலச் சூரியன் உதிப்பதில்லை. பயிற்சி அப்போதுதான் தொடங்கியது. முதல் வாரம், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுவியாலுயிட் இனத்துப் பாட்டி ஒருவரிடம், "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டேன். பதிலே இல்லை. மறுபடி கேட்டேன், சத்தமாக. அப்போதும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த சக மாணவி சிரித்துவிட்டாள். பாட்டி புருவத்தைத் தூக்கியிருக்கிறார், இங்கே அது 'ஆமாம்'. மூக்கைச் சுருக்கினால் 'வேண்டாம்'. நான் சரி சரி என்று பக்கவாட்டில் தலையாட்டியதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ! இது எந்தக் கையேட்டிலும் இல்லை. உள்ளூர்க்காரர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்ததால் கிடைத்தது. டொரண்டோவில் படித்திருந்தால் அந்தப் பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்றே எழுதி வைத்திருப்பேன்.

செலவுக்குப் பிரதேச அரசின் மாணவர் உதவித்தொகை இருக்கிறது. எவ்வளவு காலமாக இங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், அதனால் வாடகை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்கு விண்ணப்பித்தபோதும் அதே காகிதங்களைத்தான் கேட்டார்கள். எக்ஸ்ரே அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், போலீஸ் சான்று மட்டும் பழசு என்று புதிதாக எடுக்கச் சொன்னார்கள்.