ஊழியர் தரப்பு நாற்காலியிலிருந்து

அஞ்சல்துறையில் கோட்ட அளவிலான சங்கப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், அதிகாரியோடு நடக்கும் மாதாந்திரப் பேட்டிக்கு, அதாவது பேச்சுவார்த்தைக் கூட்டத்துக்கு, விவாதப் பொருள் எழுதுவதுதான் எனக்கு மிகவும் சிரமமான வேலை. தனிநபர் பிரச்சினைகளை அங்கே எடுக்கக்கூடாது என்பது விதி. ஆனால் சங்கத்தைத் தேடி வருகிறவர் எவரும் கொள்கைப் பிரச்சினையோடு வருவதில்லை. மறுக்கப்பட்ட விடுப்பு, கிடைக்காத இடமாற்றம், மாதக்கணக்கில் கிடக்கும் மருத்துவ பில் என்று தம் சொந்தக் குறையோடுதான் வருகிறார். அவர் பெயரை நீக்கிவிட்டு, ‘கோட்டத்தில் மருத்துவ பில்கள் பட்டுவாடாவில் தாமதம்’ என்று பொதுப்பொருளாக எழுதிக் கொடுப்போம். அது யாருடைய பில் என்பது எதிரே இருக்கும் அதிகாரிக்கும் தெரியும். தெரியாதது போலவே இரு தரப்பும் பேசி முடித்து, அடுத்த வாரம் பில் பாஸாகிவிடும். விதியைக் காப்பாற்றிக்கொண்டே வேலையை முடிக்கும் இந்த நாசூக்கை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசும் முறைக்கு மூலம் பிரிட்டன். முதல் உலகப்போர்க் காலத்தின் தொழிற்சாலைக் கொந்தளிப்புக்கு வழி தேடிய ஜே.எச். விட்லி குழு, 1917-ல் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த கவுன்சில்களைப் பரிந்துரைத்தது. தனியார் தொழில்களை மனதில் வைத்துச் சொன்ன யோசனை 1919-ல் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதே விட்லி 1929-ல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷனுக்குத் தலைமை ஏற்றார் என்றாலும், அவர் பெயர் தாங்கிய ஏற்பாடு நம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ரயில்வே மட்டும் 1952-லேயே நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பைக் கண்டது. மற்ற துறைகளுக்கும் விட்லி முறை வேண்டும் என்று இரண்டாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது; அதற்குச் செயல்வடிவம் வருவதற்குள், 1960 ஜூலையில் ஐந்து நாள் வேலைநிறுத்தமும், அவசரச் சட்டமும், சங்கங்களின் அங்கீகார ரத்தும் நடந்து முடிந்திருந்தன. கூட்டு ஆலோசனை அமைப்பு, அதாவது நாங்கள் சொல்லும் ஜே.சி.எம்., 1966-ல் பிறந்தது. அது நிர்வாகத்தின் பெருந்தன்மையால் கிடைத்தது என்று மேடையில் பேசுவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1960-தான் நினைவுக்கு வரும்.

அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேசியக் கவுன்சில், அதன் கீழ் துறைக் கவுன்சில்கள், அலுவலகக் கவுன்சில்கள் என மூன்று அடுக்குகள். உடன்பாடு ஏற்படாவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்பதே இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் ஊதியமும் படிகளும், வாராந்திர வேலைநேரம், விடுப்பு ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த வழி உண்டு, அதிலும் பாராளுமன்றத்தின் அதிகாரமே மேலானது. திட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில் இதற்குச் சோதனை வந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியக் கோரிக்கையை நடுவருக்கு அனுப்ப அரசு மறுத்தது. 1968 செப்டம்பர் 19 அன்று மத்திய அரசு ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைதுகளும் தண்டனைகளும் தொடர்ந்தன. பணம் சம்பந்தப்பட்ட பெரிய கேள்விகளை இந்த மேசை தாங்காது என்பதை மூத்த தோழர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள்.

சிறிய விஷயங்களை அது நன்றாகவே தாங்கியது. அதற்குக் காரணம் பேச்சு அல்ல, மினிட்ஸ் எனும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. ஒப்புக்கொண்டதை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவரிடம் அந்தத் தாளை நீட்டலாம். ஆகவே ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றைச் சொல்லை ‘ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்கப்படும்’ என்று மாற்றுவதற்காகவே ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடியதுண்டு.

கூட்டமே கூடாதபோது அந்தத் தாளும் கிடையாது. நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டிய தேசியக் கவுன்சில், 2010-க்குப் பிறகு 2019-ல்தான் கூடியது. மேலே அப்படி இருக்கையில் கீழே உள்ள அதிகாரிக்கும் பேட்டியைத் தள்ளிப்போடத் தயக்கம் இருப்பதில்லை; எங்கள் பொருள்கள் சாதாரண மனுக்களாகத் தபாலில் போகும், மனுவுக்கு எப்போது பதில் வரும் என்று சொல்ல முடியாது.