ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்குச் சபையில் வாக்கு உண்டா? எங்கள் விதியைத் திருத்திய அனுபவம்

சொந்த விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை முழு அங்கத்தினராக ஏற்பதா? ஏற்றால் வாக்கும் கொடுப்பதா? பல சபைகளில் எழும் இந்தக் கேள்வி எங்கள் சபையில் என் மகளை முன்னிட்டு எழுந்தது. விதியைத் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் குழந்தைகளைப் பிரதிஷ்டை (கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிப்பது) மட்டுமே செய்வோம்; விசுவாசத்தைத் தானே சொல்லக்கூடிய வயது வந்த பிறகுதான் ஞானஸ்நானம். போதகரை அழைப்பது, மூப்பர்களைத் தெரிந்தெடுப்பது, வரவு செலவு, கட்டடம் எல்லாம் அங்கத்தினர் கூட்டத்தில் வாக்கெடுத்தே முடிவாகும். விதிப் புத்தகம் இரண்டே வரிகளில் சொல்லியிருந்தது: ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் அங்கத்தினர், ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு வாக்கு. வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடைமுறை வேறாக இருந்தது. பதினெட்டு நிரம்பாதவர்களின் பெயர்கள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அங்கத்தினர் எண் இல்லை, சேர்ந்த தேதி இல்லை, மூப்பரின் கையொப்பம் இல்லை. யார் எப்போது தொடங்கிய வழக்கம் என்று செயலாளருக்கே தெரியவில்லை.

மகள் 13 வயதில் ஆயத்த வகுப்புகளை முடித்து, மூப்பர்கள் முன் சாட்சி சொல்லி, ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்து வந்த அங்கத்தினர் கூட்டத்தில், வாக்கெடுப்புக்கு முன் பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலை அறைக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பும்போது கேட்டாள்: “போன ஞாயிறு திருவிருந்தில் எனக்கு அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார்கள். இனி நீ எங்களில் ஒருத்தி என்றும் சொன்னார்கள். எதில் ஒருத்தி, அம்மா?”

அவள் வாக்கு கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. தன் இடம் எது என்று கேட்டாள். கடைசிவரை என்னை வழிநடத்தியது இந்த வேறுபாடுதான்.

போதகரிடம் பேசினேன். “எழுத்தில் கொடுங்கள் அம்மா, மூப்பர் கூட்டத்தில் வைக்கிறேன்” என்றார். மனுவில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதினேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் முழு அங்கத்தினராகப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பது முதலாவது. வாக்குக்கு வயது வரம்பு வேண்டுமானால் அதை வழக்கத்தில் ஒளித்துவைக்காமல் விதியில் எழுதவேண்டும் என்பது இரண்டாவது. மனு எழுதுகிறவர்கள் இவற்றை ஒன்றாகக் கலக்கவேண்டாம். கலந்தால், “சின்னப் பிள்ளையா போதகரைத் தேர்ந்தெடுப்பது?” என்ற ஒரே கேள்வியில் இரண்டும் விழுந்துவிடும்.

மூப்பர்கள் ஒரு சிறு குழுவை அமைத்தார்கள். செயலாளர், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை, சபையிலிருந்த ஒரு வழக்கறிஞர் ஆகியோருடன் என்னையும் சேர்த்தார்கள். மற்றச் சபைகள் என்ன செய்கின்றன என்று முதலில் பார்த்தோம். இங்கிலாந்து திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று 16 வயதானவர் வாக்காளர் பட்டியலில் சேரலாம். உள்ளூர்ச் சபையை நிர்வகிக்கும் சேகர மன்றத்துக்குத் தெரிந்தெடுக்கப்படவும் முடியும். ஆனால் சர்ச் வார்டன் என்ற மூத்த நிர்வாகப் பொறுப்புக்குப் பொதுவாக 21 ஆகவேண்டும். ஜெர்மனியில் 14 வயதான பிள்ளை தன் மதத்தைத் தானே முடிவு செய்யலாம் என்று 1921-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்குள்ள பெரும்பாலான புரொட்டஸ்டண்ட் மாநிலச் சபைகளின் தேர்தல்களிலும் 14 வயதிலேயே வாக்கு உண்டு. அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் சபை வயதை வைத்துப் பார்ப்பதில்லை. திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தில் அறிக்கையிட்ட விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் ஆராதனை) பெற்று, அந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ திருவிருந்தில் பங்குபெற்று, காணிக்கையும் கொடுத்தவர் வாக்களிக்கலாம். பல பிரஸ்பிட்டேரியன் சபைகளிலோ விசுவாசிகளின் குழந்தைகள் திருவிருந்தில் பங்குபெறாத அங்கத்தினர். வாக்கு பின்னால்தான் வருகிறது.

எங்கள் மரபில் சிக்கல் ஏன் கூர்மையாகிறது என்பதும் அப்போது விளங்கியது. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில், பாப்டிஸ்ட் மரபின் முன்னோடியான ஜான் ஸ்மித்தும் அவருடைய கூட்டத்தாரும் விசுவாச ஞானஸ்நானம் பெற்றபோது அவர்கள் வளர்ந்தவர்கள். வளர்ந்தவர்களை மனதில் வைத்தால் ஞானஸ்நானம், அங்கத்துவம், வாக்கு மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டலாம். பத்து, பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த முடிச்சை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

எதிர்ப்புகள் வந்தன. பெரிய குடும்பங்களின் பிள்ளைகள் அப்பா சொல்கிற பக்கமே கைதூக்குவார்கள் என்றார்கள் சிலர். நியாயமான கவலை, இரகசிய வாக்குச்சீட்டால் பாதி தீரும். மூத்த மூப்பர் ஒருவர் எதிர்த்திசையிலிருந்து கேட்டார்: “சபை ஒரு சரீரம், நாம் அதன் அவயவங்கள். வாக்கில்லாத அவயவம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?” அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அவயவங்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதும் அதே வேதத்தில் இருக்கிறது.

என்னை மிகவும் வருத்தியது மூன்றாவது யோசனை: “பிரச்சினையே வேண்டாம், ஞானஸ்நானத்தைப் பதினெட்டு வயதுவரை தள்ளிவைத்துவிடுவோம்.” குழுவில் இதற்கு ஆதரவும் இருந்தது. நான் முழு மூச்சாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். தாமதமான ஞானஸ்நானத்தை வேத ஆதாரத்தோடு வலியுறுத்தும் சபைகள் உண்டு. அது மரியாதைக்குரிய வாதம். ஆனால் நிர்வாக வசதிக்காக ஒரு பிள்ளையின் விசுவாச அறிக்கையைக் காக்கவைப்பது வேறு. வாக்கு சபை வகுத்த ஏற்பாடு. அதைச் சபை மாற்றலாம். ஞானஸ்நானம் சபை வகுத்ததல்ல. பெரியதைச் சிறியதற்காக வளைக்கக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன்.

வழக்கறிஞர் சொன்ன சட்ட விஷயம் சுருக்கமானது. சபை பதிவுபெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்தால், சொத்து, கடன், அறங்காவலர் பொறுப்பு ஆகியவற்றில் நாட்டுச் சட்டம் உரிய வயதைக் கேட்கலாம். விதியை எழுதும் முன்பே அதைச் சரிபார்த்துவிடவேண்டும்.

கடைசியில் நாங்கள் வைத்த வரைவு இது. ஞானஸ்நானம் பெற்றவர் எந்த வயதானாலும் முழு அங்கத்தினர். 14 வயது முதல் வாக்கு. சொத்து, கடன் தீர்மானங்களுக்கு மட்டும் 18. வாக்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களும் கூட்டத்தில் உட்காரலாம், கேட்கலாம், பேசலாம். பேசும் உரிமையைச் சேர்த்தவர் ஆசிரியை. பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து கேட்டதையும் வினாவியதையும் அவர் எடுத்துச் சொன்னபோது குழுவில் மறுபேச்சு எழவில்லை. ஒருவரின் தனிப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை விவாதிக்கப்படும்போது மட்டும் சிறுவர்கள் வெளியே இருக்கவேண்டும் என்று விலக்கு வைத்தோம். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, சம்பந்தப்பட்டவருக்கும் பாதுகாப்பு.

பொதுக்கூட்டத்தில் 14 என்பது 16 ஆக மாறியது. எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கிடைத்திருக்காது. மகளிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, “என் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டார்களா?” என்பதுதான்.

தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் சின்னச் சின்ன வேலைகள் தெரியவந்தன. கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) கணக்கிடும்போது வாக்குரிமை உள்ளவர்களை மட்டும் எண்ணவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். இல்லையென்றால் பதிவேட்டில் புதிதாக ஏறிய பிள்ளைகளால் எண்ணிக்கை கூடி, கூட்டமே செல்லாமல் போகலாம். பெற்றோர் பிள்ளைக்காக வாக்களிக்கக்கூடாது என்று இன்னொரு வரி. செயலாளர் வருடாந்தரக் கூட்டத்துக்கு முன் வாக்காளர் பட்டியலைத் தனியாக எடுத்து, பிறந்த தேதியைச் சரிபார்த்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். பெயர் விடுபட்டவர்கள் கூட்டத்துக்கு முன்பே சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பென்சிலால் எழுதிய பக்கத்திலிருந்த எல்லாப் பெயர்களும் இப்போது எண்ணோடும் தேதியோடும் முதன்மைப் பதிவேட்டில் இருக்கின்றன. குடும்பம் வேறு ஊருக்குப் போனால் பிள்ளைக்கும் தன் பெயரிலேயே மாற்றுக் கடிதம் கிடைக்கும்; முன்பெல்லாம் பெற்றோரின் கடிதத்தில் “பிள்ளைகளுடன்” என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கும். அங்கத்தினரான சிறுவர் ஒருவர் சபையை விட்டு விலகினால் பெயரை எப்போது, எப்படி நீக்குவது என்பது மட்டும் இன்னும் விதியில் இல்லை. அதற்கான வரைவை அடுத்த மூப்பர் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.