கவனம் சிதறும் இசை

மார்ச் 3, செவ்வாய்

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் டெலமானின் பாரிஸ் நால்வரிசைகள் (நான்கு கருவிகளுக்கான இசை) பன்னிரண்டில் கடைசியை, இ மைனரில் அமைந்ததை, நேற்று இரவு இசைப்பதிவில் கேட்க எடுத்தேன். புல்லாங்குழல், வயலின், காம்பா என்ற பழைய வில் கருவி, அடியில் தாங்கி நிற்க ஹார்ப்சிகார்ட் என்ற பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி. சுரத்தாளை விரித்து மின்பியானோவில் கூடவே வாசிக்கலாம் என்று உட்கார்ந்ததுதான் தவறு. எதுவும் ஒட்டவில்லை. பதிவில்தான் கோளாறு என்று அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். பிறகு உறைத்தது: பதிவில் வாசிப்பவர்கள் 'ஏ' சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி கூட்டியிருக்கிறார்கள், என் பியானோவில் அது 440. ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. பியானோவின் சுருதியை இறக்கியதும் சண்டை தீர்ந்தது.

மார்ச் 4, புதன்

முதல் ஆறு நால்வரிசைகளை டெலமான் 1730-இல் ஹாம்பர்கில் அச்சிட்டார். 1736-இல் பாரிஸில் லெக்ளெர்க் என்ற பதிப்பாளர் அவரைக் கேட்காமலே அவற்றை வெளியிட்டுவிட்டார். மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் டெலமானே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். எட்டு மாதம் தங்கினார். மன்னரிடம் பதிப்புரிமை வாங்கி, 1738-இல் புதிதாக ஆறு நால்வரிசைகளை வெளியிட்டார். திருட்டுப் பதிப்புக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. முன்பணம் கட்டி வாங்கியவர்கள் பட்டியலில் லைப்சிக் நகரத்து இசையமைப்பாளர் பாக்கின் பெயரும் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

இன்று காம்பாவை மட்டும் பின்தொடர்ந்தேன். முழங்கால்களுக்கு இடையே பிடித்து, வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடித்து வாசிக்கும் கருவி. கழுத்தில், வீணையில் இருப்பது போல, ஆனால் நரம்பால் கட்டிய மெட்டுகள் உண்டு. செல்லோவின் அண்ணன் என்று நினைத்திருந்தேன், குடும்பமே வேறு. இங்கே அது அடிச்சுரத்தோடு ஒட்டிக் கிடப்பதில்லை. புல்லாங்குழல் விட்ட இடத்தில் எடுக்கிறது, வயலினோடு மல்லுக்கு நிற்கிறது, களைத்தால் மட்டும் கீழே இறங்குகிறது. இத்தனை நாள் புல்லாங்குழலையே கேட்டு ஏமாந்திருக்கிறேன்.

பாரிஸில் இந்த நால்வரிசைகளை வாசித்தவர்களை டெலமான் தம் சுயசரிதையில் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்: புல்லாங்குழல் பிளாவே, வயலின் கின்யோன், காம்பா இளைய ஃபோர்க்கரே, செல்லோ எதுவார். பிளாவே இடக்கைக்காரர், தாமே கற்றவர். கின்யோன் டூரினில் பிறந்தவர். ஃபோர்க்கரேயின் கதைதான் மனத்தை உறுத்துகிறது: அவரைச் சிறையில் அடைத்ததும், பின்னர் 1725-இல் நாடு கடத்தச் செய்ததும் பெற்ற தந்தையே. அந்தத் தந்தையும் பெரிய காம்பாக் கலைஞர்!

மார்ச் 7, சனி

ஐந்தாம் பகுதியின் தலைப்பு 'திஸ்த்ரே'. கவனம் சிதறியவர் என்று பொருள். சுரங்கள் தாளத்தின் அடியில் விழாமல் அடிகளுக்கு நடுவே விழுகின்றன. காலால் தாளம் போட்டேன், நான்கே வரிகளில் தொலைந்தேன். மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் தொலைந்தேன். டெலமானிடம் எனக்குப் பிடித்தது இந்தக் குறும்புதான். பாக்கைப் போல ஆழமில்லை என்று அவரை ஒதுக்குகிறவர்களை இந்தப் பகுதிக்குத் தாளம் போடச் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

கடைசிப் பகுதி 'மோதெரே', மிதமான வேகம். அவசரமே இல்லை. முப்பதாம் தடவையாக இருக்கும். சுரத்தாளை மூடிவைத்துக் கேட்டேன். காம்பா நுழையும் இடங்களைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 'திஸ்த்ரே'யில் மட்டும் இன்றும் தாளம் தப்பியது.