337-லிருந்து 249: என் நானோ ரோபோ மெலிந்த கதை

ரோபோகோடில் நானோ பிரிவில் ரோபோவை இறக்க வேண்டுமானால் அதன் நிரல் 250 பைட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 1,500க்குக் கீழ் மினி, 750க்குக் கீழ் மைக்ரோ, அதற்கும் கீழே இந்த நானோ. ஆசை ஆசையாக எழுதி முடித்ததை அளந்து பார்த்தேன். 337. இன்னும் 88 பைட் கழிய வேண்டும்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: மாத்யூ நெல்சன் உருவாக்கி, 2001இல் ஐபிஎம் மூலம் வெளிவந்தது ரோபோகோட். 800க்கு 600 அளவுள்ள களத்தில் ஜாவாவில் நாம் எழுதிய நிரல் ஒரு குட்டி டாங்கியை ஓட்டும். ரேடாரைச் சுழற்றுவது, பீரங்கியைத் திருப்புவது, சுடுவது எல்லாம் அதன் பொறுப்பு. சண்டை தொடங்கிவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் மாறிகளின் பெயர்களைச் சுருக்கினேன், குறிப்புகளை அழித்தேன். ஒரு பைட் கூடக் குறையவில்லை. இங்கே அளக்கப்படுவது மெத்தட்களுக்குள் (நிரலின் செயல்பகுதிகளுக்குள்) இருக்கும் பைட்கோட் மட்டும், அதாவது ஜாவா வரிகள் மாற்றப்பட்டுக் கிடைக்கும் ஆணைகள். பெயர், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), மாறிலி எல்லாம் வேறோர் இடத்தில் கிடக்கின்றன, கணக்கில் வருவதில்லை. அன்றிரவே, பைட்கோடைப் பட்டியலிட்டுக் காட்டும் ஜாவாப் (javap) கருவியை ஓட்டி, ஒவ்வொரு வரியும் என்னவாக மாறுகிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய தீனிக்காரன் உடனே சிக்கினான். அசைவுக்காக எட்டு எண்களை ஓர் அர்ரேயில் (வரிசைப் பட்டியலில்) வைத்திருந்தேன். நிரலில் அது ஒரே வரி, பைட்கோடில் 50 பைட்! ஒவ்வோர் எண்ணையும் அதனதன் இடத்தில் வைக்கவே ஐந்தாறு பைட் போகிறது. அந்த எட்டு எண்களையும் எட்டு எழுத்துகளாக்கி ஒரு ஸ்ட்ரிங்கில் போட்டேன். ஸ்ட்ரிங் எவ்வளவு நீளமானாலும் அதைக் கூப்பிட 2 பைட்தான். எண்ணை எடுக்கும் இடத்தில் ஒரு பைட் கூடியது, அந்த 50 மொத்தமாகப் போனது. எழுத்துக்கு எதிர்மறை மதிப்பு கிடையாது, நல்லவேளையாகத் திசை ஏற்கெனவே தனி மாறியில் இருந்தது. 288.

அடுத்தடுத்து சில்லறை வெட்டுகள். பூஜ்யம் என்று நான் தொடங்கிவைத்த இரண்டு மாறிகளை ஜாவாவே பூஜ்யமாகத்தான் தரும். அந்த இரண்டு தொடக்கங்களையும் எடுத்ததில் 10 பைட் மிச்சம். மாறிகளை ஸ்டாட்டிக் (வகுப்புக்கே பொதுவானவை) ஆக்கினால் தொடும் இடத்துக்கு ஒரு பைட் குறைகிறது, ஏழு இடங்களில் ஏழு. ஆனால் ஸ்டாட்டிக் மாறி முந்தைய சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்கும் சுமந்து வரும், கவனம் தேவை. ரேடாரை முடிவிலி அளவுக்குத் திருப்பச் சொல்லிவிட்டால் சுழல் வாக்கியமே வேண்டாம், அதில் 2. பீரங்கியிலிருந்து ரேடாரைத் தனியே பிரிக்கும் வரி இல்லாமலும் எதிரி பார்வையில் நிற்கிறான், அதில் 5. 264.

எனக்கு ரொம்பப் பிடித்த வெட்டு இனிமேல்தான். ஒரு மெத்தடின் மாறிகள் எண்ணிட்ட இடங்களில் உட்காரும்; எதிரி கண்ணில் படும்போது ஓடும் மெத்தடில் 0ஆம் இடம் நம் ரோபோவுக்கு, 1ஆம் இடம் எதிரியைக் கண்ட அந்த நிகழ்வுக்கு. ஒரு டபுள் (தசம எண்) மாறி இரண்டு இடம் பிடிக்கும் என்பதால் முதல் டபுள் 2, 3இல் உட்காரும், அடுத்தது 4க்குப் போகும். 3 வரை எடுக்கவோ வைக்கவோ ஒரு பைட், 4இலிருந்து இரண்டு. நான் எதிரியின் தூரத்தை முதலில் அறிவித்து, ஐந்து முறை தொடும் கோணத்தை இரண்டாவதாக வைத்திருந்தேன். கோணத்தை முன்னே கொண்டுவந்ததும் ஐந்து பைட் குறைந்தது. தூரம் 4ஆம் இடத்துக்குப் போனால், இரண்டு முறை பயன்படுத்த மொத்தம் 10 பைட். மாறியே இல்லாமல் இரண்டு முறையும் நேராகக் கேட்டால் 8. மாறியைத் தூக்கினேன். முன்பு 7ஆக இருந்ததால் ஒன்று நஷ்டம், நிகர லாபம் 4. மதிப்பைச் சேமித்துவிட்டு மறுவரியில் திரும்ப எடுத்த இரண்டு இடங்களில், சேமிப்பதையே மெத்தடை அழைக்கும் அடைப்புக்குறிக்குள் எழுதினேன். இன்னொரு 4. 256.

இதற்குப் பிறகு அறிவையே வெட்ட வேண்டியிருந்தது. ஆற்றல் ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் சுடு என்ற நிபந்தனைக்கு 9 பைட். ஆற்றல் தீர்ந்தால் ரோபோ அசையாமல் நின்றுவிடும், அதனால் அதை எடுக்க மனசே வரவில்லை. குண்டின் வலிமையை ஆற்றலில் பத்தில் ஒரு பங்காக்கியபோது வழி கிடைத்தது. அதிகபட்ச வலிமை 3 என்பதால் 30க்கு மேல் முழு வலிமையில் சுடும், குறையக் குறையத் தானே சிக்கனமாகும். வகுத்தலுக்கு 5 பைட் கொடுத்து நிபந்தனையின் 9ஐ மீட்டேன். 252.

கடைசி மூன்றும் கழித்தல் குறிகளில் ஒளிந்திருந்தன. எதிர்மறை எண்ணைக் கொடுத்து முன்னே போகச் சொல்வதைவிட நேர் எண்ணைக் கொடுத்து பின்னே போகச் சொல்லலாம், குறியைத் திருப்பும் ஒரு பைட் மிச்சம். வலதுக்கு இடது என்று மாற்றியதில் இன்னும் இரண்டு.

249 என்று திரையில் பார்த்தபோது மணி இரண்டு. உடனே மாதிரி ரோபோவான வால்ஸோடு மோதவிட்டேன். ஆற்றல் 30க்குக் கீழே போனதும் குண்டுகள் எதிரிக்குப் பின்னால் விழாமல் முன்னால் விழுந்தன. வலிமை குறைந்த குண்டு வேகமாகப் போகும் (வேகம் 20லிருந்து வலிமையின் மும்மடங்கு கழிந்தது), என் குறியோ வலிமை 3க்கான 11ஐ வைத்தே கணக்குப் போடுகிறது. அதைச் சரிசெய்ய வலிமையை ஒரு மாறியில் வைத்து, மூன்றால் பெருக்கி, 20இலிருந்து கழிக்க வேண்டும். அதற்கான பைட்டுகளை எங்கிருந்து எடுப்பது என்று ஜாவாப் பட்டியலை மறுபடி மேலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.