வெந்நீருக்காக வெட்டிய குழி

அகழாய்வு என்றால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் நாள் காலை என் கையில் கொடுத்தது பிக்காசு. கூடவே ஒரு தள்ளுவண்டி. "அந்தக் கறுப்பு மேட்டில் கால்வாசியை மதியத்துக்குள் எடுத்துவிடு" என்றார் மேற்பார்வையாளர்.

இடம் அயர்லாந்து, கார்க் மாவட்டம். தொல்லியல் முதுகலை முடித்த கையோடு ஒரு புறவழிச்சாலை வேலையில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். சாலை போகும் வழியில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, இருப்பதை அகழ்ந்து பதிவு செய்த பிறகுதான் நிலம் சாலைக்காரர்கள் கைக்குப் போகும். வேலைக்குச் சேரும்போது என் பட்டத்தைவிட அக்கறையாகக் கேட்டது சேஃப் பாஸ் அட்டையை. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் இறங்கி வேலை செய்ய யாருக்கும் அது வேண்டும். ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு. தலைக்கவசம், இரும்பு முனை வைத்த பூட்ஸ், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஜாக்கெட்டோடு ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "ரோடு போடவாடா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டார் அம்மா. பாதி சரிதான்.

அந்தக் கறுப்பு மேடு கண்ணில் பட்டது சோதனை அகழ்வின்போது. சாலையின் மையக்கோட்டில் நீளமாக ஒரு பள்ளம், இருபுறமும் மீன்முள் மாதிரி கிளைப் பள்ளங்கள். பல் இல்லாத பக்கெட் மாட்டிய இயந்திரம் மேல்மண்ணைத் தோல் உரிப்பதுபோல் சீவிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒருவர் கண் கொட்டாமல் பார்த்தபடி நடப்பார். ஓர் ஓடைக்கரையின் சதுப்பில், மேல்மண் விலகியதும் அடுப்புக்கரி நிறத்தில் மண், அதில் உடைந்த கற்கள். பார்த்த எல்லாரும் "இன்னொன்றா!" என்று சலித்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் இதுவரை பதிவான இப்படிப்பட்ட மேடுகள் 7,000-க்கும் மேல். நாட்டிலேயே அதிகம் இருப்பது கார்க்கில்தான். எனக்கு அது முதல் மேடு என்பதால் சலிப்பு வரவில்லை.

ஐரிஷ் மொழியில் இதற்கு ஃபுலக்த் ஃபீயா என்று பெயர். பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை. செய்முறை எளிமையானது. நிலத்தில் ஒரு தொட்டி வெட்டித் தண்ணீர் நிறையவிடுவது. பக்கத்தில் தீ மூட்டிக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொன்றாகத் தொட்டியில் போடுவது. தண்ணீர் கொதிக்கும், கல் வெடிக்கும். வெடித்த கல்லையும் கரியையும் வாரி ஓரமாகக் கொட்டுவது. பல வருடம் கொட்டியதில் குதிரை லாட வடிவத்தில் மேடாகிவிடுகிறது. ஆக, நான் பிக்காசால் வெட்டியது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய குப்பைமேடு. அதனால்தான் தூரிகை இல்லை.

கற்களில் அநேகம் மணற்கல். சுண்ணாம்புக்கல் இதற்கு ஆகாது. சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்பு நீறிக் கையை அரிக்கும். மணற்கல்லைத் திரும்பத் திரும்பச் சுடலாம், உடைந்து உடைந்து உதவாத அளவுக்குச் சிறிதாகும்வரை.

மேட்டை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டை முதலில் எடுத்தோம். அப்போதுதான் குறுக்காகவும் நெடுக்காகவும் மண்ணடுக்கு சுவர்போல் நிற்கும், வரையலாம். கரணையால் அந்தச் சுவரைச் செதுக்கி நேராக்குவதற்குள் மழை வந்து கரைக்கும். மறுபடி செதுக்க வேண்டும். நவம்பர் மாத கார்க் மழையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

தொட்டி தென்பட்டது இரண்டாம் வாரத்தில். சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். உள்ளே நிரம்பிய கறுப்பு மண்ணை எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கேதான் சறுக்கினேன். கறுப்பு முடிந்து நீலச் சாம்பல் நிறக் களிமண் வந்ததும், இதுவும் உள்ளே சேர்ந்த வண்டல்தான் என்று நினைத்து ஒரு கை அகலத்துக்குச் சுரண்டிவிட்டேன். அது வண்டல் அல்ல, தொட்டியின் உட்புறத்தில் பதித்த பலகைகளுக்குப் பின்னால் தண்ணீர் கசியாமலிருக்க அவர்கள் திணித்து வைத்த களிமண். மேற்பார்வையாளர் திட்டவில்லை. "நிறம் மாறினால் கை நிற்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் எதுவரை வெட்டினேன் என்பதைப் பதிவுத்தாளில் என்னையே எழுத வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தக் களிமண்ணை ஒட்டித்தான் முதல் பலகை. ஓக் மரம். காற்றுப் புகாத ஈரத்தில் கிடந்ததால் நேற்று அறுத்ததுபோல் இருந்தது; அறுத்ததில்லை, பிளந்தது. மேலே தண்ணீரைத் தெளித்து ஸ்பாஞ்சால் ஒற்றியபோது கோடாலி கொத்திய தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் என் இரண்டு விரல் அகலம், லேசாகக் குழிந்து. வெண்கலக் கோடாலி. ஒரு தடத்தில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று ஓடியது, கோடாலியின் விளிம்பு அங்கே பிசிறியிருக்க வேண்டும். அடுத்த பலகையிலும் அதே கோடு. ஒரே ஆள், ஒரே கோடாலி. அன்று தேநீருக்குப் போகவே மனம் வரவில்லை.

வெந்நீர் எதற்கு என்பதில்தான் சண்டை. 1950-களில் ஓ'கெல்லி என்ற தொல்லியலாளர் இதே கார்க்கில், பாலிவர்னியில், தொட்டியைத் திரும்ப அமைத்துச் சுட்ட கற்களால் 450 லிட்டர் தண்ணீரை அரைமணி நேரச் சுமாரில் கொதிக்க வைத்தார். வைக்கோல் சுற்றிய நாலரைக் கிலோ ஆட்டுக்காலை அதில் வேகவைத்துச் சாப்பிட்டும் காட்டினார். சரி, சமையல்தான் என்றால் எலும்பு எங்கே? பெரும்பாலான இடங்களில் கிடைப்பதே இல்லை. அமில மண் எலும்பைத் தின்றுவிடும் என்பது ஒரு பதில். குளியல், நீராவிக் குளியல், சாயம் தோய்ப்பது, தோல் பதனிடுவது என்று மற்றவர்கள். 2007-இல் கால்வே நகரைச் சேர்ந்த இரண்டு தொல்லியலாளர்கள் இப்படியொரு தொட்டியில் பீர் காய்ச்சிவிட்டார்கள். எங்கள் தேநீர்க் கொட்டகையில் அந்தக் கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம்.

எனக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. கிராமத்து வீட்டுக் கொல்லையில் விறகடுப்பில் இருக்கும் வெந்நீர்த் தவலை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வோம்? குளிக்க, துணி அவிக்க, பிள்ளை பெற்றவளுக்கு ஊற்ற, கோழி இறகு பிடுங்க. விரல் மரத்துப்போய் பென்சில் பிடிக்க முடியாத மாலைகளில், வெந்நீருக்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்தக் களத்தில் ஒரு டிசம்பர் நின்று பார்க்கட்டும் என்று தோன்றும்.

தொட்டியில் தினமும் நிலத்தடி நீர் ஊறிவிடும். காலையில் முதல் வேலை பம்ப் போடுவது. ஒருநாள் பம்ப் கிளம்பவே இல்லை. போய்ப் பார்த்தால் விளிம்புவரை தெளிந்த தண்ணீர், அடியில் பலகைகள் பளிச்சென்று. ஓடையிலிருந்து யாரும் குடம் குடமாகத் தூக்கி வந்திருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நீரூற்று பார்த்துக் குழி வெட்டத் தெரிந்தவர்கள்.

பலகைகளைத் தூக்க ஒரு முழு நாள். ஒவ்வொன்றின் அடியிலும் பிளைவுட்டை மெல்ல நுழைத்து, ஈர ஸ்பாஞ்ச் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, எண் எழுதி அனுப்பினோம். காலக்கணிப்புக்குக் கரி எடுத்தபோது ஓக்கைத் தவிர்த்து ஹேசல் என்ற சிறு மரத்தின் குச்சிகளாகப் பொறுக்கச் சொன்னார்கள். பெரிய ஓக் மரத்தின் நடுவைரம் வெட்டிய காலத்தைவிடச் சில நூறு வருடம் மூத்ததாக இருக்கலாம், வயது தப்பாக வரும். முடிவு மாதங்கள் கழித்து வந்தது. கி.மு. 1500-ஐ ஒட்டி. அப்போது நான் வேறு மாவட்டத்தில் இன்னொரு கறுப்பு மேட்டில் இருந்தேன், "இன்னொன்றா!" என்று நானும் சொல்லிவிட்டு.

கடைசி நாள் களத்தை ஒப்படைக்கப் போனோம். பலகை எதுவும் இல்லாத அந்த வெறும் குழியிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. யாரும் பம்ப் போடவில்லை. பத்து மணிக்கு ஜல்லி லாரி வந்தது.