செதுக்காத பக்கம்

என் எழுது மேசைக்கு அருகே தரையில் ஒரு கட்டை நிற்கிறது. ஒரு சாண் கனம், முழங்கால் உயரம். ரம்பத் தடம் அப்படியே தெரிகிறது. வருகிறவர்கள் அதன்மேல் பையை வைக்கிறார்கள். "இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார்கள். செய்து முடித்துவிட்டேன் என்றால் சிரிக்கிறார்கள்.

அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரேவும் முதலில் உளி பிடித்தவர்தான். 1959இல் 'கடைசி ஏணி' என்ற சிற்பத்துக்காக ஓர் உத்தரத்தின் ஒரு முகத்தை மட்டும் மேலிருந்து கீழாகக் குழி குழியாகக் குடைந்தார். ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் உளி படாத முகத்தைத் தடவி, இதுவும் நல்ல சிற்பம்தான் என்றாராம். பிறகு ஆந்த்ரே 1960 முதல் 1964 வரை சரக்கு ரயிலில் பெட்டிகளைப் பூட்டிக் கழற்றும் வேலை பார்த்தார். அவருடைய 'எலிமென்ட் சீரிஸ்' வரிசையில் எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு: 12 அங்குலச் சதுரம், 36 அங்குல நீளம். பசையில்லை, ஆணியில்லை. நிற்கும், படுக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அவ்வளவுதான். 1960இல் மனத்தில் உருவானவை அவை. அவற்றில் பல மரத்தில் நின்றது 1971இல்.

மரத்தைச் செதுக்காமல் விடும் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. கட்டை வந்த அன்றே ஒரு முகத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசிவிட்டேன். நாற்காலிக் கால்போல மினுமினுத்தது. வெட்கப்பட்டு அந்த முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். கைபடாத மரம் என்று பெருமை பேசுகிறோமே, ரம்பம் பிடித்தது யார் கையாம்?

மூன்றாவது வாரம், நள்ளிரவில் படீரென்று சத்தம். ஜன்னல் கண்ணாடிதான் போயிற்று என்று எழுந்து ஓடினேன். கட்டை வெடித்திருந்தது. காய்கிற மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். மரத்தின் நடுப்புள்ளி உள்ளேயே அடைபட்ட கட்டைக்கு வேறு வழியில்லை, எங்காவது வாய் பிளந்தாக வேண்டும். அன்று ஒரு தபால் அட்டை நுழைகிற இடைவெளி. இப்போது பென்சில் நுழைகிறது.

மேல்முகத்தின் நடுவில் தொடங்கிய வெடிப்பு விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருப்பது, நான் தேய்த்த முகத்தில். கட்டையைத் திருப்பிவைத்துவிட்டேன். இப்போது அந்த முகம் அறையைப் பார்த்து நிற்கிறது.