பீன்ஸ் இலையில் தேமல்: மூன்று விதைப்பு, இரண்டு வைரஸ்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் பீன்ஸுக்கு இது மூன்றாவது விதைப்பு. முதல் விதைப்பில் கிடைத்த காய் ஒரு வேளைப் பொரியலுக்குக்கூடக் காணவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது ஜூனில். ரகம் அர்கா கோமல், ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் குத்துச்செடி பீன்ஸ். 12 குரோ பேக். விதை கடையில் வாங்கியதில்லை. முந்தைய வருடம் நானே காயை முற்றவிட்டு எடுத்து வைத்தது. அதில் ஒரு பெருமை வேறு. முதல் மூவிலை விரியும்போதே நான்கு செடிகளில் இலை சரியில்லை. ஓரம் கீழே மடங்கி, நரம்பை ஒட்டிக் கரும்பச்சை, இடையில் வெளிர்பச்சை, தடவினால் பொரித்த அப்பளம் போல மேடும் பள்ளமும். மக்னீசியம் குறைவு என்று முடிவுகட்டி எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். இரண்டு வாரம் அதிலேயே போனது. மக்னீசியம் குறைந்தால் முதலில் வயதான அடியிலைதான் வெளுக்கும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இங்கே இளம் இலையில், ஒழுங்கே இல்லாத திட்டு.

உண்மையில் அது தேமல் நோய். அதைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. மாடியில் ஓர் அசுவினிகூட இல்லாத நேரம் அது. அப்படியென்றால் நோய் விதைக்குள்ளிருந்தே வந்திருக்க வேண்டும். பீன்ஸ் தேமல் வைரஸ் விதை வழியாகப் பரவும் என்பதை அமெரிக்காவில் 1919-லேயே காட்டிவிட்டார்கள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ‘கொஞ்சம் சுருட்டை, ஆனாலும் காய்க்கிறதே’ என்று போன வருடம் விட்டுவைத்த செடியிலிருந்தும் விதை எடுத்திருந்தேன். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் ஊறவைத்துத்தான் விதைத்தேன். வைரஸ் விதையின் கருவுக்குள் உட்கார்ந்திருக்கும்போது தோலை நனைத்து என்ன ஆகப்போகிறது!

அப்புறம் அசுவினியும் வந்தது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு, வாரம் இருமுறை. ஒரு ஞாயிறு பதினோரு மணி வெயிலில் அடித்து இலையைக் கருக்கிக்கொண்டது தனிக்கதை. அசுவினி செத்தது, தேமல் மட்டும் அடுத்தடுத்த பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. காரணம் எளிது. இறக்கை அசுவினி வந்து உட்கார்ந்ததும் இந்த இலை நமக்குச் சரிப்படுமா என்று குத்திப் பார்க்கும். அந்தச் சில நொடிகளே போதும், ஊசிவாயில் ஒட்டியிருக்கும் வைரஸ் இறங்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அதனால் செப்டம்பர் விதைப்பில் கொல்வதை விட்டுவிட்டு உட்காரவிடாமல் பார்த்தேன். புது பாக்கெட் விதை. பைகளின் மண்மேல் சிப்ஸ் பாக்கெட்டுகளை வெட்டி, வெள்ளிப் பக்கம் மேலே தெரிய விரித்தேன் (வீட்டில் சிப்ஸ் தின்ன ஒரு காரணம் கிடைத்தது). அந்தப் பிரதிபலிப்பு அசுவினியைக் குழப்பும். செடி படர்ந்து மூடும்வரைதான் பலன். சுற்றிலும் ஆறு பையில் மக்காச்சோளம். முதலில் அதைக் குத்திப் பார்க்கும் அசுவினி, வாயில் இருந்த வைரஸை அங்கேயே தொலைத்துவிடும். 12 செடியில் ஒன்றில் மட்டும் தேமல். அன்றே பிடுங்கிவிட்டேன்.

பீன்ஸ் தப்பியது, அவரை மாட்டியது. தர்மபுரியிலிருந்து அம்மா கொண்டுவந்து ஆடியில் போட்ட கொடி. இலை சுருளவில்லை, மடங்கவில்லை. பளீரென்று மஞ்சள் திட்டு மட்டும். இது வேறு வைரஸ். இதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. அசுவினி போல அவசரக்காரன் இல்லை இது. சாற்றை நிதானமாக உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும், பிறகு நாள் கணக்கில் போகிற இடமெல்லாம் பரப்பும். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் நம்பியிருந்தது தப்பு. டிசம்பரில் ஊரே அவரேகாளு (அவரைக்கொட்டை) உரித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கடையில் வாங்கினோம்.

எங்கிருந்து வந்தது என்று தேடினால், பக்கத்து வீட்டுச் சுவரில் வருடக்கணக்காக நிற்கும் அவரைக்கொடி, பாதி இலை மஞ்சள். “ஆன்ட்டி, இதை எடுத்துடலாமா?” என்றேன். “மஞ்சளா இருந்தா என்னப்பா, காய் குடுக்குதே” என்றார். நான் முன்பு சொன்ன அதே பேச்சு. சங்கராந்தி முடிந்ததும் வெட்டுவது, என் முதல் பறிப்பு அவருக்கு என்று ஒப்பந்தம்.

ஜனவரி கடைசியில் மூன்றாவது விதைப்பு. பீன்ஸோடு, எந்தப் பருவத்திலும் பூக்கும் ‘ஹெப்பாள் அவரை 4’ என்ற ரகத்தில் எட்டுச் செடி. பிவிசி பைப்பில் சட்டம் கட்டி, வெள்ளை ஈ நுழையாத அளவு நெருக்கமான 50 மெஷ் நைலான் வலை. செடி குட்டியாக இருக்கும்போது நோய் வந்தால்தான் மகசூல் மொத்தமாகப் போகும் என்பதால் முதல் ஆறு வாரம் வலையைத் திறப்பதில்லை என்று கணக்கு. பீன்ஸ் பூ தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும், தேனீ வராவிட்டாலும் கவலையில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, நர்சரியில் வாங்கிய தக்காளி நாற்றை வெயில் படாமல் இருக்கட்டும் என்று வலைக்குள்ளேயே வைத்தேன். மூன்றாம் நாள் மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஒன்பது வெள்ளை ஈ. நாற்றைத் தூக்கி வெளியே வைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய வேப்பெண்ணெய் அடித்தேன். இரண்டு அவரை மஞ்சளாகிப் போயின.

இன்று 52-ஆம் நாள். பீன்ஸ் முக்கால் கிலோ பறித்தாயிற்று, ஆன்ட்டிக்குக் கொடுத்தாயிற்று. மீதி ஆறு அவரையில் பூ. விதைக்கு இரண்டு பீன்ஸ் செடிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், தினம் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். காலையில் பக்கத்துச் சுவரையும் எட்டிப் பார்த்தேன். வெட்டிய கொடி அடியிலிருந்து துளிர்த்திருக்கிறது. முதல் இலையிலேயே மஞ்சள்.